பட்டாதாரர் நேரில் வர வேண்டும்

அந்த வருடம் கார்த்திகையில் அடித்த புயல், எங்கள் காட்டில் மிளகுக் கொடி ஏறியிருந்த மரங்களில் பாதிக்கு மேல் சாய்த்துப் போட்டுவிட்டு, பதிலுக்கு அப்பாவைக் கொண்டுவந்து விட்டது. ஒன்பது வயதில் எனக்கு அது நல்ல வியாபாரமாகத்தான் பட்டது.

அப்பா அப்போது ரிக் வண்டியில் வேலை செய்தார். ஆழ்துளைக் கிணறு போடும் லாரி. திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து கிளம்பி வடக்கே எங்கெங்கோ போய், ஊர் ஊராகப் பூமியைத் துளைத்துவிட்டு மழைக்காலத்தில் திரும்பும். முதல் வருடம் ஆடியில் வந்தார். எனக்குக் கண்ணாடி வளையலும் அம்மாவுக்கு ஒரு போர்வையும் கொண்டுவந்தார். அடுத்த வருடம் வரவில்லை. வேறு வண்டிக்கு மாறிவிட்டதாகவும், அது மழையிலும் ஓடுவதாகவும் சொன்னார். போனும் குறைந்துகொண்டே வந்தது. வாரத்துக்கு ஒன்று என்றிருந்தது மாதத்துக்கு ஒன்றானது. அதுவும் “நல்லாருக்கீங்களா, நல்லாருங்க, வெச்சர்றேன்” என்பதோடு முடிந்துவிடும். அம்மா எதையாவது கேட்டால் அதற்குப் பதில் வராது. அவள் மரவள்ளிக் குச்சிக்கிழங்கை என்ன விலைக்குத் தள்ளலாம் என்று கேட்பாள், அவர் அங்கே மழை இல்லை என்பார். போனை அணைத்த பிறகும் அம்மா கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பாள்.

அங்கே என்றால் பலாமரத்தடி. எங்கள் வீடு மலைமேல் திண்ணனூர் நாட்டில், சாலையை விட்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கி நடந்தால் வரும் ஏழெட்டு வீடுகளில் ஒன்று. வீட்டுக்குள் போன் எடுக்காது. மேட்டில் இருக்கும் பலாவின் வேரில் ஏறி நின்றால்தான் எடுக்கும். குடும்ப விவகாரம் எதுவானாலும் ஒருவர் வேரில் நிற்க, மற்றவர்கள் கீழே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்போம்.

காற்று ஓய்ந்த மறுநாள் காலை அம்மாவும் நானும் காட்டுக்குப் போனோம். சில்வர் ஓக் மரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்தன. கொடிகள் மரத்தை விடாமல் பிடித்தபடியே வேரோடு பெயர்ந்திருந்தன. சரம் சரமாகப் பச்சை மிளகு சேற்றில் கிடந்தது. அம்மா அழுவாள் என்று பார்த்தேன். அவள் வீட்டுக்குத் திரும்பி நடந்து, ஒரு கூடையை எடுத்துக்கொண்டு வந்து, குனிந்து மிளகைக் கிள்ள ஆரம்பித்தாள்.

“இது முத்தவே இல்லியேம்மா.”

“காஞ்சா பொக்குத்தான் ஆவும். மண்ணுல உட்டா அதுவும் இல்ல. நீ அந்தப் பக்கம் கிள்ளு கண்ணு.”

உள்ளே பருப்பு இல்லாமல் வெறும் தோலாகக் காயும் மிளகுதான் பொக்கு. அப்படி ஒரு சாக்கு மிளகு கிள்ளினோம்.

நான்காம் நாள் வி.ஏ.ஓ. அம்மா வந்தார். கீழ்நாட்டிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த இளம்பெண். கொண்டை ஊசி வளைவுகள் அவருக்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. கைப்பையில் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். எங்கள் காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, உண்மையிலேயே வருத்தப்பட்டு உச்சுக் கொட்டினார். அரசாங்கம் நிவாரணம் தரும் என்றும், வெள்ளிக்கிழமை படம் எடுத்துக் கணக்கு எழுத வருவோம் என்றும் சொன்னார்.

“பட்டா யார் பேர்லம்மா இருக்கு?”

“ஊட்டுக்காரரு பேருலங்க.”

“அப்ப அவருதான் நேர்ல வரணும். காட்டுல நிக்க வெச்சுப் படம் எடுக்கணும், கையெழுத்து வாங்கணும். அவரு பேர்ல இருக்கற பாஸ்புக் நகலும் வேணும். பணம் நேரா கணக்குக்குத்தான் போகும்.”

“அவரு வடக்க இருக்காருங்க.”

“வரச் சொல்லுங்கம்மா. பட்டாதாரர் நேர்ல வரலேன்னா என்னால எழுத முடியாது.”

அம்மாவின் இரண்டு வருடப் போன்களால் ஆகாத காரியத்தை ஒரு அரசு விதி ஒரே வாக்கியத்தில் செய்துவிட்டது. அன்று சாயங்காலமே அம்மா பலா வேரில் ஏறினாள். மரம் விழுந்ததைச் சொன்னாள், பட்டாவைச் சொன்னாள். திரும்பவும் சொன்னாள். “சரி சரி, நல்லாருங்க” என்ற குரல் எனக்கே கேட்டது. அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து நான் போனைப் பிடுங்கி, வயிற்றிலிருந்து கத்தினேன்.

“அப்பா! மரமெல்லாம் உளுந்துருச்சு! நீங்க வாங்கப்பா!”

“உளுந்துருச்சா? வாரேன் சாமி” என்றார்.

அம்மா சொல்லிக் கேட்காதவர் நான் சொன்னதும் வருகிறார் என்பதில் எனக்கு அன்று ஏற்பட்ட கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

புதன்கிழமை, சந்தை ஊரான சோளக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினார். இளைத்திருந்தார். தலைமுடியின் அடியில் வெள்ளைக் கல்தூள் ஒட்டியிருந்தது. அடுத்த காட்டில் நிற்பவரோடு பேசுவதுபோல எங்களோடு பேசினார். “வண்டிச் சத்தத்துல கத்திக் கத்திப் பழகிப்போச்சு” என்றார். நாங்களும் சிரித்தோம். வெள்ளிக்கிழமை படம் எடுத்ததும் சனிக்கிழமை காலை பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும் என்று அதே உரத்த குரலில் சொன்னார். அப்போது நான் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை அவர்கள் இருவரும் காட்டுக்குப் போயிருந்தபோது, ரேஷன் கார்டோடு தகர டப்பாவில் இருந்த பாஸ்புக்கை எடுத்து, பொக்கு மிளகுச் சாக்கில் கையை முழங்கைவரை விட்டு உள்ளே செருகினேன். என் கணக்கு எளிமையானது. எழுதி முடித்தால் போய்விடுவார். முடிக்காவிட்டால் எப்படிப் போவார்?

வெள்ளிக்கிழமை அப்பா தலையைத் தண்ணீர் தொட்டு வாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சாய்ந்த மரங்களுக்கு நடுவில் விறைப்பாக நின்றார். வி.ஏ.ஓ. அம்மா மூன்று படம் எடுத்தார். “கொஞ்சம் சோகமா நில்லுங்கண்ணா” என்று அவர் சொன்னதற்கு அப்பா புன்னகைத்தார். வீட்டைப் பார்க்க வந்த மகிழ்ச்சியை மறைக்கத் தெரியவில்லை என்று நான் எண்ணிக்கொண்டேன். அதன் பிறகு பாஸ்புக்கைக் கேட்டார்கள்.

டப்பாவைக் கவிழ்த்தார்கள். பெட்டியை, பரணை, துணி மூட்டையை எல்லாம் பார்த்தார்கள். அப்பாவுக்குக் கணக்கு எண் நினைவில்லை. வி.ஏ.ஓ. அம்மா எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி யோசித்து, “அடுத்த வாரம் முடிஞ்சு வர்ற திங்கட்கிழமை லிஸ்ட் அனுப்பறோம். அதுக்குள்ள தேடிக் கொண்டாங்க. அப்புறம் என் கையில இல்ல” என்றார்.

அப்பா பதறினார். அம்மாதான் நிதானமாக, “ஊட்டுக்குள்ளதான கெடக்கும், எங்க போயிரும்” என்றாள். ஊசி தொலைந்தாலும் வீட்டையே புரட்டிப் போடுகிறவள் அவள். அப்பா திங்கட்கிழமை வங்கிக்குப் போய் வேறு பாஸ்புக் கேட்டுப் பார்த்தார். புயலில் கம்பி அறுந்து அங்கே கம்ப்யூட்டர் ஓடவில்லை. அப்புறம் வரச் சொன்னார்களாம். வண்டிக்காரருக்குப் போன் போட்டு, வரச் சுணங்கும் என்று தன் பாட்டைச் சொல்லி, பதிலுக்கு நிற்காமல் அணைத்துவிட்டார்.

அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் பெரிய சம்பவம் எதுவும் இல்லை. காலையில் இரண்டு பேரும் அரிவாளும் ரம்பமும் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போவார்கள். அப்பா விழுந்த மரங்களை அறுத்து ஒதுக்குவார். அம்மா, உயிர் இருக்கும் கொடிகளைப் பார்த்துப் பிரித்து, ஈரச்சாக்கில் வேரைச் சுற்றி நிழலில் வைப்பாள். நான் பள்ளிவிட்டு வரும்போது பாதை திரும்பும் இடத்தில் அப்பா உட்கார்ந்திருப்பார். பையை வாங்கிக்கொள்வார். வீட்டில் குச்சிக்கிழங்கு வெந்துகொண்டிருக்கும் மணம் பாதிவழிக்கே வந்துவிடும். பச்சைமிளகாய் நுணுக்கியதைத் தொட்டுக்கொண்டு மூன்று பேரும் ஒரே தட்டில் தின்போம். மூன்று கை போய்வரும் தட்டு. பிற்பாடு விடுதியில், வேலைக்குப் போன ஊரில் என்று எத்தனையோ இடத்தில் எத்தனையோ தட்டில் சாப்பிட்டிருக்கிறேன். அந்தத் தட்டில் கடைசித் துண்டை யாரும் எடுக்காமல் மூவரும் ஒருவருக்கொருவர் தள்ளிவிட்டதுதான் இன்றும் பசியைக் கிளப்புகிறது.

அந்த வாரம் புதன்கிழமை பள்ளிக்கு விடுமுறை. நானும் காட்டில் இருந்தேன். ஒரு பெரிய சில்வர் ஓக், முழுக்க விழாமல் பக்கத்து மரக்கிளையில் சாய்ந்து மாட்டிக்கொண்டு நின்றது. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அப்பா வேறொரு மரத்தை அறுத்துக்கொண்டிருந்தார். மேலே முறிகிற சத்தம் கேட்டது. எனக்குக் கேட்டது, மேட்டில் இருந்த அம்மாவுக்கும் கேட்டது.

“ஏனுங்க! தள்ளுங்க! மரம்! மரம் வருது!”

அப்பா ரம்பத்தை இழுத்துக்கொண்டே இருந்தார். அம்மா மறுபடி கூவினாள். அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. அம்மா சரிவில் ஓடிவந்த வேகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. அப்படியே அவர்மேல் போய் மோதினாள். இருவரும் உருண்டார்கள். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் மரம் வந்து விழுந்தது. ரம்பம் வளைந்து அடியில் கிடந்தது.

அம்மா எழுந்து, இரண்டு கையாலும் அவர் மார்பில் அடித்தாள்.

“கூப்புடறது காதுல உளுவுலீங்களா? அப்படி என்ன நெனப்பு உங்களுக்கு?”

அப்பா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வந்ததிலிருந்து முதல் தடவையாக மெதுவான குரலில், “உளுவுலே புள்ள” என்றார்.

அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. எத்தனை நாளாக என்று கேட்டாள். அவருக்கு அது எட்டவில்லை. நான் அருகே போய், என் பக்கம் இருந்த வலது காதில் அதையே கத்தினேன்.

“ஒன்னர வருசமாச்சு. வண்டிச் சத்தம். எடது காது சுத்தமா போயிருச்சு. சோத்தாங்கைப் பக்கம் கொஞ்சம் கேக்கும். போன்ல ஒன்னுமே வெளங்கறதில்ல. கேக்காதுன்னு தெரிஞ்சா வண்டில ஏத்த மாட்டாங்க. அதான் யாருகிட்டயும் சொல்லலே.”

அம்மா விழுந்த மரத்தின்மேலேயே உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். “ரெண்டு வருசமா நான் என்னென்னமோ நெனச்சுக்கிட்டேன்” என்று தனக்குத்தானே சொன்னாள். என் பணி இன்னதென்று எனக்கு அதற்குள் விளங்கிவிட்டிருந்தது. அப்பாவின் காதில் வாயை வைத்து, “அம்மா என்னென்னமோ நெனச்சுக்கிச்சாம்!” என்று காடே கேட்கக் கத்தினேன். அப்பா சிரித்துவிட்டார். அம்மாவும் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் அழுதாள்.

அன்றிலிருந்து நான் எங்கள் வீட்டுப் போன் ஆனேன். அம்மா சொல்வாள், நான் அப்பாவின் வலது காதில் கத்துவேன். சாப்பிட வரச் சொல்லு. எந்தக் கொடியை எந்த மரத்துக்கு வைப்பது என்று கேளு. ஆட்டைக் கட்டியாயிற்றா என்று கேளு. நான் உப்புப் புளி குறையாமல் எடுத்துப் போய்ச் சேர்த்தேன். சில நேரம் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்துவிட்டு, “ஒன்னுமில்ல, சுடுதண்ணி வேணுமான்னு கேளு” என்பாள். இத்தனை சுடுதண்ணீர் எதற்கு என்று எனக்குத் தோன்றியதுண்டு.

பாஸ்புக் நினைவு வராமல் இல்லை. நாளைக்கு எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்தபடி, “நாளைக்கு லிஸ்ட்டுல பேரு உட்டுப்போச்சுன்னா கன்னுக்கும் கொடிக்கும் எங்க போறதுன்னு கேளு” என்றாள். கத்தினேன்.

“வேற என்ன பண்றது? வடக்க இருந்து சேத்துத்தான் அனுப்போணும். இன்னொரு ரெண்டு வருசம் ஊட்டுப் பக்கம் வராம சேந்தாப்பல இருந்தா ஆயிரும்.”

இதை நான் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கே கேட்டது. எனக்குத்தான் கேட்டது சரியா என்று இன்னொரு தடவை கேட்கத் தோன்றியது. என் கணக்குத் தலைகீழாகிவிட்டது. எழுதி முடித்தால் போய்விடுவார். முடிக்காவிட்டால் இரண்டு வருடம் வரவே மாட்டார்.

எழுந்து போய் மிளகுச் சாக்கில் கையை விட்டேன். பாஸ்புக் கிடைத்தது. ஆனால் நான் செருகியபடி வெறுமனே இல்லை. ஒரு பிளாஸ்டிக் பையில் மடித்து, நூல்போட்டுக் கட்டியிருந்தது. அந்தச் சாக்கைத் தினமும் காலையில் பாயில் கொட்டிக் காயவைத்து, சாயங்காலம் அள்ளி வைத்தவள் அம்மா.

“சாக்குல கெடந்துச்சு” என்று அப்பாவிடம் நீட்டினேன். அவர் மகிழ்ச்சியில் என்னைத் தூக்கி இறக்கினார். “எலி இழுத்துட்டுப் போயிருக்கும்” என்றார். ஈரம் படாமல் பையில் சுற்றி முடிச்சும் போடுகிற எலி. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அடுப்பில் நன்றாக எரிந்துகொண்டிருந்த விறகைத் தள்ளித் தள்ளி விட்டாள்.

நிவாரணம் வந்ததா என்று கேட்பீர்கள். திங்கட்கிழமை காலையிலேயே அப்பா போய்க் கையெழுத்துப் போட்டார். பேர் ஏறியது. பங்குனி வாக்கில் பணமும் வந்தது. ஏமாற்றமில்லை. ஆனால் பேர் ஏறிவிட்டால் அப்பா ஊரிலேயே தங்கிவிடலாம் என்று கடைசி நேரத்தில் எனக்கு ஒரு நப்பாசை வந்திருந்தது. விழுந்த மரங்களுக்குப் பதிலாக அரசாங்கம் நிற்கிற மரங்களையே கொடுக்கும் என்பதுபோல ஒரு எண்ணம். அவர்கள் கொடுத்தது கன்றுக்கும் கூலிக்கும் சரியாக இருந்தது. கன்று மரமாகி, கொடி ஏறி, மிளகு காய்ப்பதற்கு ஆன நான்கைந்து வருடத்துக்கு எந்த லிஸ்ட்டும் இல்லை. அந்த வருடங்களை அப்பாதான் வடக்கே இருந்து கொடுத்தார். முழுக்கக் காது போய், எந்த வண்டியிலும் ஏற்றாத நிலையில் அவர் ஊரோடு வந்து சேர்ந்தபோது நான் நாமக்கல்லில் விடுதியில் இருந்தேன். இப்போது அவரும் அம்மாவும் கையாலும் கண்ணாலும் பேசிக்கொள்கிறார்கள். நான் விடுமுறைக்குப் போனால் எனக்குத்தான் அந்தப் பேச்சு பாதி விளங்குவதில்லை. இடையில் ஆள் தேவைப்படாத வீடாக அது மாறிவிட்டது. அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அந்தப் பதின்மூன்று நாள் மாதிரி மூன்று பேரும் அந்த வீட்டில் சேர்ந்து இருந்தது பிறகு இல்லை.

கையெழுத்துப் போட்ட மறுநாள், செவ்வாய்க்கிழமை அவர் கிளம்பினார். சோளக்காடுவரை அம்மாவும் நானும் போனோம். பொக்கு மிளகையும் அங்கேதான் விற்க வேண்டியிருந்தது. வியாபாரி ஒரு பிடி அள்ளி ஊதிப் பார்த்தார், பாதி பறந்தது. கிடைத்ததற்குக் கொடுத்துவிட்டு அம்மா பஸ்ஸுக்கு வந்தாள். அப்பா ஜன்னலோரம் இடம் பிடித்திருந்தார். கண்டக்டர் டீ குடிக்கப் போயிருந்தார்.

அம்மா ஜன்னலுக்குக் கீழே போய் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். மெதுவாக. பின்னால் நின்ற எனக்கே கேட்காத குரலில். அப்பா உட்கார்ந்திருந்ததில் அவளுக்குக் கிடைத்ததோ சுத்தமாகப் போயிருந்த இடது காது. அவள் அது தெரியாதவள் அல்ல. ஆனாலும் நிறுத்தாமல் பேசினாள். அவள் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததே இல்லை. அப்பா ஒவ்வொன்றுக்கும் இரண்டு தரம் தலையாட்டினார். கேட்டால் ஒரு தரம் ஆட்டுவார், கேட்காவிட்டால்தான் இரண்டு தரம். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

கண்டக்டர் ஏறி விசில் ஊதினார். எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

“அவருக்கு ஒன்னும் கேக்கலேம்மா! என்னன்னு சொல்லு, நான் கத்திச் சொல்லிர்றேன். சொல்லு சீக்கிரம்!”

சொல்லிக்கொண்டே டயரின்மேல் ஒரு காலை வைத்து ஏறி, மூச்சை நிறைய இழுத்துக்கொண்டேன். அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். மிளகுக் காரம் ஏறிய கை. பஸ் நகர்ந்து, வளைவில் திரும்பி மறையும்வரை அவள் கையை எடுக்கவே இல்லை.

திரும்பி நடக்கும்போது எனக்குக் கோபம் ஆறவில்லை. என்ன சொன்னாய் என்று கேட்டுக்கொண்டே வந்தேன். பாதை பிரியும் இடத்தில் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஒன்னுமில்ல கண்ணு. மரத்தப் பத்தித்தான்” என்றாள்.

நான் நம்பினேன். இவ்வளவு முக்கியமான மரச் சமாச்சாரம் தெரியாமலேயே அப்பா அத்தனை தூரம் போகிறாரே என்று அவர்மேல் பரிதாபமாக இருந்தது. அடுத்த முறை போன் வந்தால், அம்மா தடுப்பதற்குள் பலா வேரில் ஏறி, அதை அவளிடம் கேட்டு அவருக்குக் கத்திச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே முன்னால் நடந்தேன்.